தாயைத் தொடாத வசை

அந்த அம்மையார் வசைச்சொற்களை ஆக்குவதில் வல்லவராக இருந்தார். இதைப் பாராட்டாகவே எழுதுகிறேன். இழிசொல் ஒன்று செவியில் விழுந்தால் தெருவையே மாற்றிக்கொண்டு நடந்த தமிழாசிரியன் நான். அத்தகையவன் ஒருவர் திட்டுவதைக் கேட்பதற்கென்றே விரும்பிச் சென்று அமர்ந்த பிற்பகல்கள் உண்டென்றால், அவை அந்த அம்மையாரின் விளையாட்டுக் கூடத்தில் கழிந்தவை.

பெரம்பலூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில், நான் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டின் முன்னறைதான் அந்தக் கூடம். வாயிலில் 'கேம்ஸ் சென்டர்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஆறு கணினிகள் வடங்களால் பிணைக்கப்பட்டிருந்தன. பின்னறையில் குடும்பம். இரண்டுக்கும் நடுவே பச்சை நிறத் திரைச்சீலை ஒன்று தொங்கியது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டளவில் நான் அங்கே போகத் தொடங்கினேன். பணி ஓய்வுக்குப் பின் எழுதிய கட்டுரைகளைக் கணினியில் ஏற்றித் தர ஆள் வேண்டியிருந்தது. அம்மையாரின் மகள் தமிழ்த் தட்டச்சுப் பயின்றவள். ஓரமாக இருந்த ஒரு கணினியில் அவள் என் கட்டுரைகளை அடித்துக்கொண்டிருப்பாள். மற்றவற்றில் பாலிடெக்னிக் மாணவர்களும் பொறியியல் கல்லூரி மாணவர்களும் வாளும் கோடரியும் ஏந்திப் பூதங்களோடு பொருதுகொண்டிருப்பார்கள். மந்திரவாதிகள், குள்ளர்கள், நெருப்பு உமிழும் பறவைகள் உலவும் ஏதோவொரு கற்பனை நாட்டுப் போர் அது. ஒரே போரில் ஆறு பேரும் அவரவர் கணினியில் இருந்தபடியே கலந்துகொள்வார்கள்; ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதும் உண்டு.

அம்மையாருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லியான உடல், வாரி முடிந்த தலை. நாற்காலியில் அவர் முழுமையாக அமர்ந்து நான் கண்டதில்லை. விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலைத் திரைச்சீலைப் பக்கம் திருப்பி வைத்திருப்பார். பேருந்து எந்த நொடியும் வந்துவிடும் என்று காத்திருப்பவரைப் போல. அருகில் ஒரு மண்பானை. அதன் மூடிமேல் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர். மாணவர்கள் தண்ணீர் குடிக்க வாயில் பக்கம் வேறு குடம் இருந்தது. இந்தப் பானையை யாரும் தொடக்கூடாது.

நான் போன முதல் நாளே அவருடைய சட்டம் எனக்கு அறிமுகமாயிற்று. செந்தில் என்றொரு மாணவன் இருந்தான், உரத்த குரல்காரன். அவனுடைய வீரனை யாரோ முதுகில் குத்திவிட, குத்தியவனின் தாயை இழுத்து ஒரு சொல் சொன்னான். அச்சொல்லை நான் இங்கு எழுதவில்லை; தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் எழுதிக் காட்ட வேண்டியதும் இல்லை. அம்மையார் எழுந்து போய் அவனுடைய கணினித்திரையை அணைத்தார்.

"எந்திரி."

"அக்கா, நடுச் சண்டைலக்கா! செத்துருவேன்!"

"செத்தா சாவு. வெளிய போயி நில்லு."

"பொசுக்குனு வந்துடுச்சுக்கா."

"அம்மாவ வுட்டுட்டுத் திட்டுடா. ஒன்னயக் குத்துனவன் அவன். அவங்கம்மா என்னடா பண்ணுச்சு? அது பாட்டுக்கு வூட்டுல ஒக்காந்து வெங்காயம் உரிச்சிட்டு இருக்கும்."

செந்தில் வெளியே போய், அந்தப் போர் முடியும்வரை வெயிலில் நின்றான். எவரும் முணுமுணுக்கவில்லை. தாய், உடன்பிறந்தாள், சாதி, உடலுறுப்பு ஆகிய நான்கில் எதைத் தொட்டு வைதாலும் அந்தப் போர் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். ஊரில் வழங்கிய வசைகளில் இந்த நான்கையும் கழித்தால் எஞ்சுவன சிலவே. அவையும் நாய், பன்றி முதலிய விலங்குகளைப் பற்றியவை. அவற்றில் சினத்துக்குப் போதிய காரம் இல்லை. "அப்ப எதச் சொல்லித்தான்க்கா வையிறது?" என்று மாணவர்கள் கேட்டதாகவும், அதற்கு விடை விளையாட்டுக்குள்ளேயே கிடைத்ததாகவும் பின்னர் அறிந்தேன்.

அந்த விளையாட்டில் ஒரு குள்ளன் வருவான். தாடியை இடுப்புவரை வளர்த்திருப்பான்; அவனைவிடப் பெரிய கோடரியை வைத்திருப்பான். அடிபடும்போதெல்லாம் தன் மொழியில் ஏதோ கத்துவான். அம்மையார் ஒருநாள் செந்திலிடம், "அந்தத் தாடிக்காரன் என்னடா சொல்றான்?" என்று கேட்டிருக்கிறார்.

"கெட்ட வார்த்தைக்கா."

"எந்த ஊருப் பாசையில?"

"எந்த ஊரும் இல்லக்கா. கேம் செஞ்சவனே உண்டாக்குனது."

"அப்ப யாரு அம்மாவும் அதுல கெடையாதா?"

"அதுல ஒண்ணுமே கெடையாதுக்கா. சத்தம் மட்டுந்தான்."

அந்த விடை அவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து கூடத்தில் புதிய வசைகள் பிறக்கத் தொடங்கின. விளையாட ஆள் குறைந்த வேளைகளில் அம்மையாரே ஒரு கணினியின் முன் அமர்ந்து அந்தக் குள்ளனை எடுத்துக்கொள்வார். வேறு எவனையும் எடுக்கமாட்டார். அழகிய மந்திரக்காரிகள் இருந்தார்கள். அவர்களை ஏறிட்டும் பார்க்கமாட்டார். விசைப்பலகையைக் குழவி பிடிப்பது போல அழுத்திப் பிடித்துக்கொண்டு தொடங்குவார்.

"அடேய் சொக்கடாங்கி! கதவத் தொறந்து போட்டுட்டா போற? நில்றா! டபுராண்டிப் பயலே, ஒளிஞ்சிக்கிட்டா தெரியாதா? வாடா மொடுக்குளான், வா, கோடாலி இருக்கு ஒனக்கு!"

"அக்கா, மொடுக்குளான்னா என்னக்கா?"

"நீதான்."

கூடம் சிரிப்பில் அதிரும். பின்னிருந்து ஒருவன், "அக்கா வாயத் தொறந்தா பூதமே ஓடிரும்டா" என்பான். ஒருமுறை என்னையும் அதில் இழுத்துவிட்டார்கள். "ஐயா, நீங்க ஒரு நல்ல தமிழ்ல ஒண்ணு சொல்லுங்களேன்" என்று செந்தில் வேண்டினான். நான் சங்க நூல்களில் வழங்கும் சில கடுஞ்சொற்களை நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அம்மையார் பணிவாகக் கேட்டுக்கொண்டு, "இதெல்லாம் ரொம்ப மரியாதையா இருக்குங்க ஐயா. திட்டுன மாதிரியே தெரியல" என்றார். அத்துடன் இலக்கியத்தின் பங்களிப்பு முடிந்தது.

அந்த ஆக்கத்தில் அவர் கையாண்ட ஒரு முறை எனக்கு விளங்காதிருந்தது. மாணவன் எவனாவது புதுச்சொல் ஒன்றைக் கொண்டுவந்தால், அதை உடனே ஏற்கமாட்டார். "வாயக் கோணலா வச்சிக்கிட்டுச் சொல்லு" என்பார். அவன் உதட்டை ஒருபக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தால் சொல்லிக் காட்ட வேண்டும். சொல் நசுங்கினாலோ, காற்றாய்ப் போனாலோ, "ம்ஹும், வராது. வேற கொண்டா" என்று தள்ளிவிடுவார். நீண்ட சொற்கள் இப்படித் தள்ளுண்டன. நாக்கை மடிக்க வேண்டியவையும் தள்ளுண்டன. வேடிக்கைக்காக அப்படிச் செய்கிறார் என்றே மாணவர்களும் நானும் எண்ணியிருந்தோம். அவர்கள் கோணவாய் காட்டிச் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல் அவர்களுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு பிற்பகலில் மின்சாரம் போயிற்று. கணினிகளின் இரைச்சலும் மின்விசிறியின் ஓசையும் ஒருங்கே அடங்கின. அந்த அமைதியில் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் எழுந்தது. தடித்த, ஈரமான ஆண்குரல். செந்திலை வெயிலில் நிறுத்திய அதே சொல்லை அது சொன்னது.

கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. அம்மையாரின் தோள் ஒருபக்கமாக ஒதுங்கியது. ஓங்கிய கையிலிருந்து விலகுவது போல. பிறகு அவர் எழுந்தார். பானையிலிருந்து டம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து டம்ளரை மூடிமேல் கவிழ்த்துவிட்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தண்ணி கேக்குறாருங்க ஐயா."

அவருடைய கணவர் லாரி ஓட்டியவர். அரியலூர்ப் பக்கச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போன சொந்த லாரி. ஒருநாள் ஓட்டுநர் இருக்கையிலேயே சரிந்தார். பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் போயின; வாய் கோணிக்கொண்டது; பேச்சு முழுவதும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எஞ்சியது. லாரியை விற்றுத்தான் இந்தக் கணினிகளை வாங்கினார்கள்.

"திருச்சி டாக்டர் சொன்னாருங்க," என்றார் அம்மையார். "பேசுற பேச்செல்லாம் மண்டையில ஒரு எடத்துல இருக்குமாம், அது போயிடுச்சாம். சாமிப் பாட்டு, கெட்ட வார்த்தை, இதெல்லாம் வேற எடத்துல கெடக்குமாம். அது தப்பிச்சிக்குமாம். இவருக்குச் சாமிப் பாட்டுத் தெரியாதுங்க."

அந்த ஒரு சொல்லைக் கொண்டே கணவர் எல்லாவற்றையும் கேட்டார். வெடுக்கென்று குறுக்கிச் சொன்னால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இருமுறை சொன்னால் படுக்கை நனைந்துவிட்டது. மெல்லச் சொன்னால் ஒன்றும் வேண்டாம். மனைவி பக்கத்தில் இருக்கிறாளா என்று மட்டும் தெரிய வேண்டும். இந்தப் பொருள் வேறுபாடுகளை அம்மையார் எனக்கு எடுத்துச் சொன்னபோது அவர் குரலில் குறையேதும் இல்லை. பிறகு மேலும் சொன்னார்.

"நல்லா இருந்த காலத்துல இதச் சொன்னாருன்னா அடி வுழப்போவுதுன்னு அர்த்தங்க. இப்ப தண்ணின்னு அர்த்தம். வார்த்தை அதேதான். இன்னிக்கும் காதுல வுழுந்தா மொதல்ல தோளு ஒதுங்குது. அப்பறந்தான் காலு எந்திரிக்குது."

மாணவர்கள் அந்தச் சொல்லை விளையாட்டில் எறியும்போதெல்லாம் அவர் தோள் ஒதுங்கியிருக்கிறது, கால் எழுந்திருக்கிறது, வீணாக உள்ளே ஓடித் திரும்பியிருக்கிறார். சட்டம் பிறந்த இடம் அதுதான். நான் அதை நாகரிகத்தின் பொருட்டு எழுந்த சட்டமென்று எண்ணி மகிழ்ந்திருந்தேன்.

புதிய வசைகளின் நோக்கம் வேறு. "டாக்டர் 'அம்மா', 'தண்ணி', 'சோறு'ன்னு சொல்லிக்குடுங்கன்னாரு. நாயா பேயா சொல்லிக்குடுத்தேன். வரலிங்க. வையிறதுக்கு மட்டுந்தான் அந்த வாயி தொறக்குது. சரி, அந்த வழியிலயே போயி, அந்தக் கருமத்துக்குப் பதிலா வேற ஒண்ண உள்ள வச்சிருவோம்னுதான்."

அதற்காகத்தான் கோணவாய்த் தேர்வு. கணவரின் பாதி உதட்டால் எட்டிப் பிடிக்கத்தக்க ஒரு வசையை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

தேடலுக்குக் காலக்கெடுவும் வந்து சேர்ந்தது. மகளுக்கு வரன் வந்திருந்தது. பூலாம்பாடித் தரகர் ஒருவர் கொண்டுவந்த இடம். செட்டிகுளத்தில் வெங்காயம் பயிரிடும் குடும்பம். மாப்பிள்ளைக்குத் திருச்சியில் வேலை. மகளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவனுடைய நிழற்படத்தை என் கட்டுரைத் தாள்களுக்கு அடியில் வைத்துக்கொண்டு தட்டச்சுச் செய்வாள். பெண் பார்க்க வருவோரைப் பெண்ணின் தகப்பன் வாயிலில் நின்று 'வாங்க' என்று அழைக்க வேண்டும். அந்த அழைப்பு இல்லாமல் கௌரவமான குடும்பம் படி ஏறுவதில்லை. இந்த வீட்டிலோ, யார் உள்ளே நுழைந்தாலும் தகப்பன் வாய் திறப்பார். அதிலிருந்து வருவது இன்னதென்று எல்லோருக்கும் தெரியும்.

அம்மையாரின் அண்ணன் ஆண்டிமடத்திலிருந்து வந்திருந்தார். முந்திரித் தோப்பு உள்ளவர். "அன்னிக்கு ஒரு நாளைக்கு மச்சான ஐயா வூட்ல கொண்டு போயிப் படுக்க வச்சிருவோம் தங்கச்சி. வந்தவங்கள நான் வாங்கன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

"பெத்தவரு உசுரோட இருக்கையில அடுத்தவரு வாங்கன்னு சொல்றதா? எம்பொண்ணு என்ன அப்பன் இல்லாத புள்ளயா?"

"அப்ப அவரு வாங்கன்னா சொல்லிருவாரு? வாயத் தொறந்தா சம்பந்தியோட அம்மாவல்ல கூப்புடுவாரு!"

மறுநாள் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்து, திரைச்சீலைக்கு இப்பால், கணினித்திரை தெரியும்படி அமர்த்தினார்கள். அதுவரை குரலாக மட்டுமே அறிந்திருந்த மனிதரை அன்றுதான் மாணவர்கள் கண்டார்கள். பெரிய உருவம், பாதி முகம் விழித்திருக்க, பாதி முகம் உறங்கியது. அம்மையார் மாணவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. "அக்காவுக்கு ஒரு ஒதவி செய்யணும்டா" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார். செந்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

தேர்ந்தெடுத்த சொல் 'டபுக்கா'. யார் கொண்டுவந்ததென்று நினைவில்லை. கோணவாய்த் தேர்வில் தேறிய மிகச் சில சொற்களில் அதுவும் ஒன்று. அம்மையார் குள்ளனை எடுத்துக்கொள்வார். கோடரி பூதத்தின்மேல் விழும் ஒவ்வொரு முறையும் கூடமே ஒரே குரலில் "டபுக்கா!" என்று முழங்கும். நாற்காலியிலிருந்தவர் பழைய சொல்லைச் சொல்வார். கோடரி மீண்டும் எழும். "டபுக்கா!" மீண்டும் பழைய சொல். நாள்தோறும் இது நடந்தது. தெருவில் போவோர் எட்டிப்பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். நானும் கூட்டத்தோடு சேர்ந்து அச்சொல்லை உரக்கக் கூவியிருக்கிறேன். என் பழைய மாணவர் எவரும் அப்போது அவ்வழியே வரவில்லை.

ஒரு மாலை, பெரும்பூதம் ஒன்று சரிந்து விழுந்தது. மாணவர்கள் கத்தி ஓய்ந்த இடைவெளியில், நாற்காலியிலிருந்து ஒலி வந்தது.

"ட... புக்கா."

யாரும் திரும்பவில்லை, திரும்பினால் கலைந்துவிடும் என்று அஞ்சியவர்களைப் போல. அவர் மீண்டும் சொன்னார். விழித்திருந்த பாதி முகத்தில் ஒரு வியப்புப் படர்ந்தது. அம்மையாரின் கைகள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றுவிட்டன. கணினித்திரையில் அவருடைய குள்ளனை மூன்று பூதங்கள் சூழ்ந்து வெட்டிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. அன்று எல்லோருக்கும் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். அவர் சிரித்து நான் பார்த்த நாள் அது.

சில நாள்களில் தண்ணீருக்கும் 'டபுக்கா', புரட்டிப் போடுவதற்கும் 'டபுக்கா' என்றாயிற்று. பழைய சொல் அரிதாயிற்று. அச்சொல்லைக் கேட்டு எழும்போது அம்மையாரின் தோள் ஒதுங்கவில்லை. கால் மட்டும் எழுந்தது.

பெண் பார்க்க வந்த அன்று கூடம் மூடியிருந்தது. கணினிகளைத் துணியிட்டு மூடி, பாய் விரித்திருந்தார்கள். அண்டை வீட்டு மூத்தவன் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். கணவருக்கு வெள்ளை வேட்டி சட்டை உடுத்தி, நெற்றியில் திருநீறு இட்டு, வாயிலுக்கு நேரே நாற்காலியில் அமர்த்தியிருந்தார் அம்மையார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் படியருகே வந்து நின்றார். பின்னால் அவர் மனைவியும் தரகரும் இன்னும் சிலரும். நாற்காலியிலிருந்தவர் அவர்களைப் பார்த்தார். இயங்கும் இடக்கையை உயர்த்தி உள்ளே அழைப்பது போல அசைத்து, வாயைத் திறந்தார்.

"டபுக்கா," என்றார் அவர். தெளிவாக, அன்பாக. "டபுக்கா, டபுக்கா."

வாங்க, வாங்க என்பதுதான் அது. அதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த மனிதர் தம் வாழ்வில் ஒருவரை அவ்வளவு மரியாதையோடு வரவேற்றிருப்பாரா என்பதும் ஐயமே. அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, உள்ள வாங்க" என்று கைகூப்பினார்.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உட்கார்ந்தார்கள். காபி வந்தது. மாப்பிள்ளையின் தாய் மெல்லக் கேட்டார்:

"என்னங்க சொல்றாரு?"

ஆண்டிமடத்து அண்ணன் முந்திக்கொண்டார். "அது ஒண்ணுமில்லிங்க. புதுசா பழகிக்கிட்ட வார்த்தைங்க."

"அப்புடின்னா என்னங்க அர்த்தம்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தமிழாசிரியன் அல்லவா? அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லாதிருந்ததுதான் அதன் தகுதி. அதை அந்த அவையில் எப்படி விளக்குவது? நாற்காலியிலிருந்தவரோ, தம் வரவேற்பு நிறைவேறிய மகிழ்ச்சியில், ஒவ்வொரு முகத்தையும் பார்த்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். காபிக்கு ஒரு டபுக்கா. மகள் வந்து வணங்கியபோது நீளமாக ஒரு டபுக்கா. அவர் பேசப் பேச, வந்தவர்களின் முகங்கள் இறுகிக்கொண்டே போயின. "போயிட்டுத் தகவல் சொல்றோங்க" என்று எழுந்தார்கள்.

தகவலைத் தரகர் கொண்டுவந்தார். வாயிலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"அவங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குமா. ஆனா அப்பாருக்கு மூளக் கோளாறா இருக்கே, அது வம்சத்துல வந்துருமோன்னு யோசிக்கிறாங்க."

"மூளக் கோளாறு இல்லிங்க. வாதந்தான். பேச்சு வராது, அவ்வளவுதான்."

"பேச்சு வராம இருந்தா ஒண்ணுமில்லயேம்மா. இவரு என்னமோ பாசையில்ல பேசுறாரு?" தரகர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்லட்டா? முன்னாடி நான் வந்தப்ப என்னையவே ஒரு வார்த்த சொன்னாரே, அதச் சொல்லியிருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காது. லாரிக்காரரு, வாயி அப்புடின்னு சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க. எல்லா வூட்லயும் ஒரு ஆளு அப்புடி இருக்கத்தான செய்யிறான்?"

அம்மையார் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளிருந்து "டபுக்கா" என்று குரல் வந்தது. குறுக்கிச் சொன்ன டபுக்கா. அவர் தண்ணீர் மொண்டுகொண்டு போனார்.

அதற்குப்பின் அவர் புதுச்சொல் எதையும் ஆக்கவில்லை. குள்ளனைத் தொடவுமில்லை. மாணவர்கள் யாராவது கோணவாய் காட்டினால், "போதும்டா" என்பார். கோடரியும் கூட்டுக்குரலும் நின்ற சில வாரங்களில் கணவரின் வாயில் புதிய சொல் மங்கியது, பழையது திரும்பியது. அவர் அதை மறந்தாரா, வேண்டாமென்று விட்டாரா என்பது எனக்குத் தெரியாது. "மறுபடி சொல்லிக் கொடுக்கலாமே" என்று ஒருநாள் கேட்டேன்.

"வுடுங்க ஐயா. இந்த வார்த்தைன்னா ஊருக்கும் புரியுது, எனக்கும் புரியுது."

மகள் ஓராண்டில் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும் முன் என் கடைசிக் கட்டுரையைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். தாள்களுக்கு அடியில் நிழற்படம் இல்லை.

இரண்டாயிரத்து ஆறில், மழைக்கால முற்பகல் ஒன்றில், கணவர் இறந்தார். கடைசியாக அவர் மெல்லச் சொன்னதாக அம்மையார் கூறினார். ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் இருக்கிறாளா என்று மட்டும் கேட்கும் அந்த மென்மையில். "இருக்கேன்னு சொன்னேங்க. காதுல வுழுந்துச்சோ என்னமோ."

கருமாதி கழிந்து கூடத்தைத் திறந்த அன்று, மாணவர்களைப் பார்த்து, "இனிமே என்ன வேணும்னாலும் பேசிக்குங்கடா. வெளிய நிக்க வேண்டாம்" என்றார். ஒருவனும் பேசவில்லை. செந்திலும் அவன் கூட்டாளிகளும் ஊமைகளைப் போல விளையாடினார்கள். வாள்கள் மோதும் ஓசையும் குள்ளனின் அயல்மொழிக் கத்தலும் மட்டும் கேட்டன. அம்மையார் அப்போதும் நாற்காலி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். கால் திரைச்சீலைப் பக்கமே திரும்பியிருந்தது. பானையில் நாள்தோறும் தண்ணீரை மாற்றி ஊற்றினார்.

பின்னர் ஒருநாள், அரியலூரிலிருந்து புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த ஒருவன் விளையாட வந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. நான் செய்தித்தாள் படிக்க வந்து அமர்ந்திருந்தேன். அவனுடைய வீரன் பின்புறமிருந்து குத்துப்பட்டு விழ, அவன் மேசையைத் தட்டி அந்தச் சொல்லைச் சொன்னான். வெடுக்கென்று, குறுக்கி.

எல்லாக் கைகளும் நின்றன. செந்தில் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

அதற்குள் அம்மையாரின் தோள் ஒதுங்கிவிட்டது. கால் எழுந்துவிட்டது. பானையிலிருந்து டம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு, திரைச்சீலையை விலக்கி உள்ளே போனார். சற்று நேரம் உள்ளிருந்து ஒலியேதும் வரவில்லை. செந்தில் சட்டையை விட்டுவிட்டு அப்படியே நின்றான்.

அவர் வெளியே வந்தார். டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. கூடத்தின் நடுவில் நின்று அதைப் பார்த்தார். பிறகு நடந்து வந்து, அந்தப் புதியவனுடைய விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தண்ணி கேட்டீல்லப்பா? குடி."

அவன் குடித்து முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார்.